இடது மேலே, வலது கீழே

தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்து ஹருயோ அதை மை தடவிய மரப்பலகையிலிருந்து மெல்ல உரித்தபோது முதலில் வந்தது நெற்றி, அடுத்து காது, அதற்கடுத்து மூக்கோரத்து மரு. மரு நன்றாக வந்திருந்தது. இந்த மருவை மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று பதினோரு நாளும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர் தெய்ஜியிடம், அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டாம், உங்களோடேயே வந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி வாயை அடைத்திருந்தாள். முப்பத்தோரு வருஷம் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவரை வேறு எப்படி அடக்குவது. அந்த மரு இப்போது ஈரத்தாளில் ஒரு கறுப்பு அவரை விதையைப் போல உட்கார்ந்திருந்தது. கன்னத்துச் சுருக்கங்கள் மரத்தின் ரேகைகளோடு சேர்ந்தே ஓடின. உளி போட்ட கோடு எது, மரமே போட்ட கோடு எது என்று செதுக்கியவளுக்கே தெரியவில்லை. இதற்குத்தானே இத்தனை வருஷமும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு வாய் தேநீர் விழுங்குகிற நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். பிறகு மார்பைப் பார்த்தாள். கிமோனோவின் வலப்பக்கம் மேலே இருந்தது, இடப்பக்கம் கீழே. அந்த நாட்டில் கிமோனோ உடுத்துகிற எவரும், மந்திரியானாலும் மீன் வண்டி தள்ளுகிறவரானாலும், வலப்பக்கத்தை முதலில் மார்போடு சேர்த்துக்கொண்டு இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்துதான் கட்டுவார்கள். மாற்றிக் கட்டுவது ஒரே ஒரு தடவை. அதையும் அவரவரே கட்டிக்கொள்வதில்லை. செத்த பிறகு மற்றவர்கள் கட்டிவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இப்போது அவள் கையில், மரு சகிதமாக, அச்சு அசலாக, தெய்ஜி பிணக்கட்டுக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இல்லை, ஈரத்தில் தாள் சுருங்கியிருக்கிறது, நிழல் விழுந்திருக்கிறது என்று அவள் தாளைச் சாய்த்துப் பார்த்தாள். நிழல் இல்லை. வெளியே ஹகோடதே ஊரின் நவம்பர் வெயில், இருப்பது போலவும் இல்லாதது போலவும், துறைமுகத்தை நோக்கி இறங்குகிற சரிவுச் சாலையில் படுத்திருந்தது. யாரோ கணவாய் மீனைக் காயப் போட்டிருந்தார்கள், அந்த வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து. ஐந்து மணிக்குள் இந்தப் படம் நகர மன்றத்து வரவேற்பு மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ராத்திரி லாரியில் டோக்கியோ கண்காட்சிக்குப் போகும். மூன்று வருஷம் தொடர்ந்து அனுப்பி மூன்று வருஷமும் திரும்பி வந்திருந்தது. நான்காவது தடவையும் இல்லையென்றால் இனி அனுப்புவதில்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், அது இன்னும் மோசம். ஐம்பத்தேழு வயதில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை மாற்றிச் சொல்ல முடியாது. நேற்றே நனைத்து, ஈரத்துணிக்குள் அடுக்கி வைத்த தாள்கள் எட்டு. ஒன்று இதோ கையில் போயிற்று. ஏழு. ஈரம் இருக்கும்வரைதான் தாள் மையைக் குடிக்கும், மாலைக்குள் காய்ந்துவிடும். பக்கத்து அறையில் தெய்ஜி மதியத் தூக்கத்தில் இருந்தார். தூக்கத்திலும் அவருடைய வலது கால் மெத்தையில் தட்டிக்கொண்டே இருக்கும், டிராம் மணியை மிதித்து அடித்துப் பழகிய கால். தட், தட். யாரோ குறுக்கே வருகிறார்கள். தட். வருகிற புதன்கிழமை அவருக்குப் பித்தப்பையில் கல் எடுக்கிறார்கள். சாதாரண அறுவை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்டவாளத்துச் சரளைக்கல் ஒன்று எப்படியோ உள்ளே போயிருக்கிறது, அதை நகராட்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று சனிக்கிழமை. சாதாரண அறுவை. டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். மரச்செதுக்குப் படத்தில் பலகையில் இருப்பது தாளில் புரண்டு விழும். இடது வலதாகும், வலது இடதாகும். தொழிலில் முதல் நாள் முதல் பாடம் அது. முப்பது வருஷமாக அவள் மெல்லிய தாளில் படம் வரைந்து, அதைப் பலகையில் குப்புற ஒட்டி, முதுகு வழியாகத் தெரிகிற கோடுகளைச் செதுக்கினாள். புரட்டுகிற வேலையைத் தாளே செய்துவிடும், அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. பலகையில் புரண்டு, அச்சில் மறுபடி புரண்டு, படம் நேராக வந்து நிற்கும். போன வருஷம் டோக்கியோவில் வேறொரு சின்னக் கூட்டுக் கண்காட்சியைப் பார்த்த ஒரு விமர்சகன், அவளுடைய மகளைவிடச் சின்னவன், பத்திரிகையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினான்: திருமதி குசுமியின் பலகைகள் தாள் சொன்னதைக் கேட்டு நடக்கும் நல்ல பிள்ளைகள். அவ்வளவுதான். மற்ற வரிகளெல்லாம் மற்றவர்களைப் பற்றி. அந்த வரியை அவள் பாத்திரம் கழுவும்போது நினைத்தாள், பல் தேய்க்கும்போது நினைத்தாள், மகளுக்குக் கடிதம் எழுதும்போது நடுவில் நிறுத்தி நினைத்தாள். நல்ல பிள்ளைகள். சரி, தாளே வேண்டாம் என்று இந்தத் தடவை பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே கணவரை உட்காரவைத்து, தூரிகையால் நேரே மரத்தின்மேல் வரைந்தாள். புரளும் என்று தெரியும். முகம் புரண்டால் என்ன, முகம் கோபித்துக்கொள்ளுமா, மரு இடது மூக்கோரம் இருந்தாலும் வலது மூக்கோரம் இருந்தாலும் மருதானே. பெயர் மட்டும் புரளக் கூடாது. அதனால் கீழ் மூலையில் தன் பெயரெழுத்தை இடவலம் மாற்றி வரைந்து, கைக்கண்ணாடியை எதிரே பிடித்து மூன்று தடவை சரிபார்த்தாள். மூன்று தடவை. ஒரு விரற்கடை எழுத்துக்காகக் கண்ணாடி பிடித்தவள் அந்தக் கண்ணாடியை ஒரு சாண் மேலே தூக்கியிருந்தால் மார்பு தெரிந்திருக்கும். தன் பெயர் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவள். நன்றாக வேண்டும் உனக்கு. நல்ல பிள்ளை.

யோசி. மரத்தில் எடுக்கலாம், சேர்க்க முடியாது. அதுவும் முதல் பாடம். மடிப்பை மாற்ற என்ன வேண்டும்? வலது தோளிலிருந்து இறங்கி மற்றதன்மேல் ஓடுகிற கோட்டை, இரண்டு பக்கமும் சந்திக்கிற இடத்தில் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும். அது சுலபம், மூன்று நிமிஷ வேலை. இடது தோளிலிருந்து வந்து அடியில் மறைந்துபோகிற கோட்டை வெளியே கொண்டுவந்து நீட்ட வேண்டும். ஒரு கட்டைவிரல் நீளம். அந்தக் கட்டைவிரல் நீளக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் மரம் இல்லை. அதை அவளே, அகல உளியால், போன செவ்வாய்க்கிழமை, வானொலியில் யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டே சீவி எடுத்து, சுருளை அடுப்பில் போட்டுவிட்டாள். தொழிலில் இதற்கு வைத்தியம் உண்டு. பழுதான இடத்தைச் சதுரமாகத் தோண்டி, அதே ஜாதி மரத்துண்டு ஒன்றை அளவாக அறுத்து, கஞ்சிப் பசை தடவி அடித்து இறக்கி, அது ஈரத்தில் ஊதிப் பிடித்துக்கொண்ட பிறகு மறுபடி செதுக்குவது. ஒரு ராத்திரி காய வேண்டும். அவளிடம் இருப்பது மூன்று மணி நேரம், அதில் டிராமுக்கு அரை மணி. சரி, மடிப்பையே எடுத்துவிட்டால்? கழுத்துக்குக் கீழே எல்லாவற்றையும் சீவிவிட்டால் வெள்ளையாகிவிடும், எந்தப் பக்கம் மேலே என்ற கேள்வியே வராது. ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து அச்சின் மார்பில் வைத்து மறைத்துப் பார்த்தாள். தெய்ஜியின் தலை தனியாக மிதந்தது, பொட்டலத்தை யாரோ பிரித்தவுடன் எட்டிப் பார்க்கிற மீனைப் போல. வேண்டாம். தூரிகையால்? ஒவ்வொரு அச்சிலும் அந்தக் கட்டைவிரல் நீளக் கோட்டை மையால் தொட்டு வைத்தால்? யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்பு ஊர்க் கண்காட்சிக்கு அவளும் ஒரு நடுவராக இருந்தாள். ஒதாருவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பனியில் நிற்கிற காகத்தைச் செதுக்கி அனுப்பியிருந்தார், காகத்தின் கண்ணில் தூரிகை தொட்ட தடம் இருந்தது. மற்ற இரண்டு நடுவர்களும் பரவாயில்லை, சின்னப் புள்ளிதானே என்றார்கள். பலகை தராததைப் படத்தில் வைக்கக் கூடாது என்று அவள்தான் சொன்னாள், அதைச் சொல்லும்போது தன் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வாத்தியார் அடுத்த வருஷம் அனுப்பவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. அந்தக் காகம் நல்ல காகம்.

என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே அவள் பலகையில் மறுபடி மை தடவினாள். இரண்டாவது தாளை எடுத்து வைத்து, மூங்கில் மடல் சுற்றிய தேய்ப்பு வட்டைக் கையில் எடுத்து, தோளின் பாரம் முழுவதையும் இறக்கி நெற்றியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். இன்னொரு தடவை அச்சிட்டால் மடிப்பு மாறிவிடுமா. மாறாது. ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மார்புக்கு வந்தபோது மெதுவாகத் தேய்த்தாள், வலிக்கப் போகிறது என்பது போல. உரித்தாள். வலது மேலே. ஆறு தாள் மீதி. இந்தக் கையை என்ன சொல்வது. அப்பா இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குளிப்பாட்டி, வெள்ளை உடுப்பை விரித்து, அத்தையும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து உடுத்திவிட்டார்கள். ஹருயோவின் கை தன்பாட்டுக்கு இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மடித்தது, குளிருக்கு இழுத்து மூடிவிடுவதைப் போல. அத்தை அவள் புறங்கையில் பட்டென்று தட்டினாள். உயிரோடு இருக்கிறவருக்கா கட்டுகிறாய் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சமையலில் உப்பு எவ்வளவு என்று கேட்கிற குரலில் கேட்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து மாற்றி மடித்தார்கள், அந்த நொடியில்தான் அப்பா போனார். மூச்சு நின்றது முந்தின நாள். போனது அப்போது. அன்றைக்கு, மாற்றிக் கட்ட வேண்டிய இடத்தில் கை நேராகக் கட்டியது. இன்றைக்கு, நேராகக் கட்ட வேண்டிய இடத்தில் கை மாற்றிக் கட்டியிருக்கிறது. கைக்கு ஏதாவது தெரியுமா. அப்படி யோசித்தவுடன் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நீ நவீனமானவள் என்று சொல்லிக்கொள்கிறாய், சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடுகிற குச்சியை நட்டுவைத்தால் கூட, அது பிணத்துக்குப் படைப்பது என்று மற்றவர்கள் பதறும்போது சிரிக்கிறாய், ஜோசியக்காரன் தெருவில் வந்தால் கதவைச் சாத்துகிறாய். கைக்கு என்ன தெரியும். கைக்கு உளி பிடிக்கத் தெரியும். கையை விடு. டாக்டர் ஏன் இரண்டு தடவை சொன்னார்.

பக்கத்து அறையில் கால் தட்டுவது நின்றிருந்தது. எப்போது நின்றது. அவள் தேய்ப்பு வட்டைக் கீழே வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தம் இல்லை. அடுப்பில் கெண்டி மட்டும் முனகியது. எழுந்து போய்ப் பார்க்கலாம், எட்டடிதான், ஆனால் எழுந்து போனால் தான் எதற்காகப் போனோம் என்று தனக்குத் தெரிந்துவிடும். அதனால் போகவில்லை. உட்கார்ந்துகொண்டே பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். யாருக்கும் தெரியாமல் போகலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். பத்து வருஷம் முன்பு துறைமுகப் படம் ஒன்றில் அவசரத்தில் ஒரு கப்பலைத் திருப்பிப் போட்டுவிட்டாள், கப்பல் கரையை விட்டுப் போவதற்குப் பதிலாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. மலை புரண்டால் மலைதான். ஆனால் இது கப்பலில்லை. நகர மன்றத்து வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் முதலில் பார்ப்பாள், பார்த்துவிட்டு ஹருயோவின் முகத்தைப் பார்க்கமாட்டாள், ரசீதைப் பார்த்துக்கொண்டு, எப்போது நடந்தது, எங்களுக்குத் தெரியவே தெரியாதே என்பாள். அனுதாபம் சொல்வாள். டோக்கியோவில் நடுவர்கள் இறந்துபோன கணவரின் நினைவாக என்று எடுத்துக்கொண்டு, இரக்கப்பட்டு, தேர்ந்தெடுத்தாலும் தேர்ந்தெடுப்பார்கள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மூன்று வருஷம் உயிரோடு அனுப்பிக் கிடைக்காத இடம் செத்து அனுப்பினால் கிடைக்குமா. இந்த மரு, இந்தக் கன்னம், மரமும் உளியும் ஒன்றான இந்த ஒரு கை அகலம், இதை மறுபடி அவளால் செதுக்க முடியாது. ஒருவேளை முடியும். முடியாது. தெய்ஜியை எழுப்பி, உங்களைப் பிணமாக்கிவிட்டேன், இருந்தாலும் அனுப்பட்டுமா என்று கேட்பதா. புதன்கிழமை கத்தியின் கீழ் படுக்கப் போகிற மனிதரிடம். மணி மூன்று ஐம்பது. இது எப்போது ஆனது. ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்தாள், ஓரங்கள் வெதுவெதுப்பாக, கிட்டத்தட்டக் காய்ந்திருந்தன.

கதவு நகர்ந்தது. அவர்தான், தலைமுடி ஒரு பக்கமாக நின்றுகொண்டு, தூக்கத்தில் கசங்கிய கிமோனோவோடு. இடது மேலே, வலது கீழே. அவள் கண் முதலில் அங்கேதான் போயிற்று, போனதற்காக வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. மகள் பிறந்ததிலிருந்து அந்த ஊர் வழக்கப்படி அவர் அவளை அம்மா என்றும் அவள் அவரை அப்பா என்றும் கூப்பிட்டு வந்தார்கள். மகள் கல்யாணமாகித் தென்பக்கம் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அதை மாற்ற இருவருக்கும் தோன்றவில்லை. அம்மா, இன்னும் கிளம்பலையா, நாலு இருபது வண்டியை விட்டால் அடுத்தது நிறைய நிறுத்தத்தில் நின்று போகும், எனக்குத் தெரியும் என்றார். அவள் பதில் சொல்வதற்குள் முதல் அச்சைக் கையில் எடுத்துவிட்டார். மறைத்து வைத்திருக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் எதையெல்லாமோ யோசித்தவள் அதை மட்டும் யோசிக்கவில்லை. அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கையை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். அவள் அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த நொடியிலும் அந்தக் கழுத்து விறைக்கும் என்று காத்திருந்தாள். விறைக்கவில்லை.

"இது நான்தான்" என்றார். குரலில் ஆச்சரியம் இருந்தது. "உன் கண்ணுக்கு நான் எப்படித் தெரியறேனோன்னு உள்ளுக்குள்ள பயந்துட்டு இருந்தேன். போட்டோவுல எல்லாம் யாரோ ஒரு ஆள் மாதிரி இருப்பேன், முகமே ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. இது அப்படி இல்ல. தினம் காலையில பார்க்கிற அதே ஆள். மரு கூடச் சரியான பக்கத்துல இருக்கு."

மரு தப்பான பக்கத்தில் இருந்தது. அவர் அதைச் சரியான பக்கம் என்கிறார். அவளுக்கு அது புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. ஒரு மனிதன் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும்தான் பார்க்கிறான். கண்ணாடிக்குள் இருப்பவனுக்கு மரு அந்தப் பக்கம்தான், மடிப்பும் அந்தப் பக்கம்தான். ஐம்பது வருஷமாகக் கண்ணாடி முன்னால் நின்று கிமோனோ கட்டுகிறாள், அவளே ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. கை சரியாகக் கட்டுகிறது, கண்ணாடிக்குள் இருப்பவள் பிணக்கட்டுக் கட்டுகிறாள், கண் அதைப் பார்த்தும் பார்க்காமல் தலை வாரப் போய்விடுகிறது. இந்தப் படத்தில் தப்பைப் பார்க்க முடியாத ஒரே மனிதர் உலகத்திலேயே இவர்தான். இவருக்கு மட்டும் இது முழுக்கச் சரியான படம். இவர் ஒருவர் மட்டுமே பார்ப்பதாக இருந்தால். ஆனால் அவர் அதற்குள் மேல்கோட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்திருந்தார். நீ தாளைக் கட்டு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்றார். ஒரு கை கோட்டுக்குள் போய்விட்டது. இன்னொரு கை தேடிக்கொண்டிருந்தது. இனி சொல்லாமல் இருக்க முடியாது. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பா, மார்புல மடிப்பைப் பாருங்க. எந்தப் பக்கம் மேல இருக்குன்னு பாருங்க."

அவர் பார்த்தார். தாடையைக் கீழே இறக்கித் தன் மார்பைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். ஒரு கையில் மட்டும் கோட்டோடு, படத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். அங்கே சவரக் கண்ணாடி இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கெண்டியின் மூடி தடதடத்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். கோபமாக வருவார் என்று நினைத்தாள். கோபமாக வந்தால் தேவலை.

"அம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கண்ணாடியிலயும் இப்படித்தான் இருக்கு." பிறகு, "அப்படின்னா இத்தனை வருஷமா நான் ஒரு பொணத்துக்குத்தான் சவரம் பண்ணிட்டு இருந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது, அழுகை மாதிரி ஒரு சத்தத்தோடு. அவர் அங்கிருந்தே பேசிக்கொண்டு போனார். இதற்கா இவ்வளவு நேரம் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாய், படத்துக்குச் சவரக் கண்ணாடி என்று பெயர் போட்டுவிடு, வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்வார்கள், டோக்கியோக்காரர்களுக்குத் தங்களுக்குப் புரியாதது எதுவும் ரொம்பப் பிடிக்கும், நாலு பேர் சுற்றி நின்று தலையாட்டுவார்கள். அவள் மேசையிலிருந்த விண்ணப்பத் தாளைப் பார்த்தாள். பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. சவரக் கண்ணாடி. எவ்வளவு எளிது. மடிப்பு சரியாகிவிடும், மரு சரியாகிவிடும், அந்த விமர்சகப் பயல் இந்தத் தடவை நான்கு வரி எழுதுவான், பலகையின் குணத்தையே பொருளாக்கிவிட்டார் என்று எழுதுவான். அவள் செய்யாததற்காக அவளைப் புகழ்வான். பலகை தராததை வைக்கக் கூடாது என்று சொன்னவள் கை தவறியதை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்வாள். வாத்தியாராவது அந்தக் கண்ணைத் தன் கையால் தொட்டார். ஆனாலும் மரு. ஆனாலும் நான்காவது வருஷம். பேனாவை எடுத்தாள். சவரக் என்று எழுதியும் விட்டாள். மணி நாலு பத்து.

அப்போது அவர் கூப்பிட்டார், சீக்கிரம் வா, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று. போனாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று, அச்சைத் தன் முகத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பவரைப் போலப் பல்லைக் காட்டிக்கொண்டு. அவளும் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே இரண்டு தெய்ஜிகள் இருந்தார்கள். ஏற்கெனவே புரண்டிருந்த தாள் கண்ணாடியில் மறுபடி புரண்டு நேராகியிருந்தது. தாளில் இருந்தவர் இடது மேலே, வலது கீழே, உயிருள்ளவர் கட்டுகிற விதமாகக் கட்டியிருந்தார். பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு கையில் கோட்டோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர் மற்ற விதமாக. அவள் தாளைப் பிடுங்கினாள். ஈர மை அவள் கட்டைவிரலிலும் அவர் கன்னத்திலும் ஈஷியது. என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். சிரிப்பு தேவைக்குமேல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு போய்விட்டது. அவருடைய கை மார்புக்குப் போய் மடிப்பைத் தொட்டது, எது மேலே என்று விரலால் தடவிப் பார்த்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"புதன்கிழமை அங்க ஒரு உடுப்பு குடுப்பாங்களாம்" என்றார் கண்ணாடியிடம். "அதை எந்தப் பக்கமாக் கட்டறதுன்னு யாரும் சொல்லல."

அவள் அவர் தோளிலிருந்து அந்த ஒற்றைக் கைக் கோட்டைக் கழற்றினாள். கன்னத்து மையை ஈரத்துணியால் துடைத்தாள், மருவைச் சுற்றி மெதுவாக. வேலை செய்யும் அறைக்கு வந்து, விண்ணப்பத் தாளை எடுத்து அடுப்பு பற்றவைக்கிற காகிதங்களோடு வைத்தாள். கீழே சரிவில் டிராம் மணி அடித்தது. நாலு இருபது, இப்போது ஓடினாலும் முனையில் பிடித்துவிடலாம், ஓட்டுகிறவன் என்னிடம் தொழில் படித்தவன், நிறுத்துவான் என்று அவர் பின்னாலேயே வந்து சொன்னார். அவள் பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் புரட்டிப் போட்டாள். பின்பக்கம் வழவழப்பாக, யாரும் தொடாததாக, முன்பக்கத்துக்குச் சற்றும் குறையாத ரேகைகளோடு இருந்தது.

"உட்காருங்க" என்றாள்.

"மறுபடியும் பதினோரு நாளா?"

"நாலு நாள்."

"நாலு நாள்ல எப்படி முடியும்?"

"முடியலைன்னா வந்து மீதிக்கு உட்காருவீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் இருந்த மணையில் போய் உட்கார்ந்து, தலைமுடியை ஒரு கையால் படியவைத்துக்கொண்டார். சரிவில் டிராம் வேகமெடுத்துப் போகிற சத்தம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. அவள் மையை உரைத்தாள். எதிலிருந்து தொடங்குவது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தாளில் அவர் உயிரோடு வர வேண்டுமானால் மரத்தில் அவருக்கு மாற்றிக் கட்டியாக வேண்டும், அவரைப் பார்த்துக்கொண்டே, தெரிந்தே, தன் கையாலேயே. வலது மேலே. இடது கீழே. தூரிகை பலகைக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றது. அசையாமல் இருங்கள் என்று அவரிடம் சொன்னாள், அவர் அசையாமல்தான் இருந்தார். கோட்டைப் போட்டாள்.